சேவலுக்குச் சம்பந்தம் பார்த்தேன்

எங்கள் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளில் இருக்கிறவர்களுக்குக் கோழி வளர்க்கத் தெரியாது. சோறு தின்னத் தெரியும், சண்டை போடத் தெரியும், ஷிஃப்டு சங்கு ஊதினால் ஓடத் தெரியும். கோழி மட்டும் தெரியாது. ஒரே சேவலை வருஷக்கணக்காக விட்டுவைப்பார்கள். அது தன் மகளையும் மிதிக்கும், பேத்தியையும் மிதிக்கும். அப்புறம் முட்டை பொரிக்கவில்லை, குஞ்சுக்குக் கால் கோணல், கண்ணு பட்டுப் போச்சு என்று மிளகாய் சுற்றுவார்கள். தூ!

சுரங்கத்து எஞ்சின் வீட்டைப் பார்க்கிற டக்ளஸ் துரை தன் பங்களாவில் கோழி வளர்க்கிறார். ஒரே ரத்தம் சேர்வதுதான் கோளாறு என்று அவர்தான் எனக்கு விளக்கினார். மைசூர் மைன்ஸில் இத்தனை பேர் இருக்க என்னிடம் சொன்னார் என்றால், என் மூஞ்சியில் அறிவு தெரிந்திருக்கிறது.

அன்றைக்கே தீர்மானித்தேன். மூன்று ஊரிலிருந்து மூன்று சேவல் வாங்கி, கோழிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தேன். காலில் சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று துணி கட்டினேன். சிவப்பில் பிறந்த சேவல் வளர்ந்ததும் வெள்ளைக்குப் போகும். வெள்ளை கறுப்புக்கு, கறுப்பு சிவப்புக்கு. பெட்டைகள் பிறந்த இடத்திலேயே இருக்கும். அண்ணன் தங்கையைச் சேர முடியாது.

என் பெண்சாதி தங்கம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"இன்னாங்க, கோழிக்குப் புடவை கட்றீங்களா?"

"உனக்கு இன்னா தெரியும்? இது வம்ச விவகாரம்."

"பெத்த பொண்ணு விவகாரம் கீதே, அதை யாரு பாக்கறது?"

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. எங்கள் ரத்தினத்தை என் அக்கா மகன் வேலுவுக்குக் கட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். முறை மாப்பிள்ளை! தங்கம்மாவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. சங்கு ஊதினால் வேலுவுக்கு வயிறு வலிக்கும், சோறு போட்டால் சரியாகிவிடும், அவ்வளவுதான் குறை. அதற்காக வாக்குத் தவறுவேனா? நான் ஆம்பிளை!

ஆனால் அன்றைக்கு அவள் சண்டைக்கு வரவில்லை. "லைன்ல எல்லாருக்கும் இதைச் சொல்லுங்களேன். பாவம், தெரியாத சனங்க" என்றாள். கல்யாணமாகி முதல் தடவையாக என் அருமை அவளுக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சனத்தைக் கூட்டினாள். அக்கா வெங்கடம்மாவுக்குப் பாய் போட்டு முன்னால் உட்கார வைத்தாள்.

பேசினேன். பேச்சா அது! நடுவில் தங்கம்மா பணிவாகக் கேட்டாள்.

"ஏங்க, ஒரே ரத்தத்துல சேத்தா இன்னா ஆவும்?"

"இன்னா ஆவுமா? புத்தி மந்தம்! நாள் பூரா படுத்துக் கெடக்கும். இரை போட்டா மட்டும் எழுந்துக்கும்."

"அத்தை மவன், மாமன் மவன்னா பரவாயில்லியா?"

"அதுவும் ஒரே ரத்தம்தான்டி! வெளியிலேர்ந்துதான் சேவல் வரணும். சொந்தத்துல சேக்கறவனுக்கு மூளை இல்லைன்னு அர்த்தம்!"

சனம் சிரித்தது. என் சாமர்த்தியத்துக்கு என்று நினைத்தேன். அக்கா எழுந்தாள்.

"நாள் பூரா படுத்துக் கெடக்கறவன் யாருடா? சோத்துக்கு எழுந்துக்கறவன் யாருடா?"

"ஐயோ அக்கா, நான் கோழியைச் சொன்னேன்!"

"கோழிக்கு ஏதுடா அத்தையும் மாமனும்? நாலு பேர் முன்னாடி என் மவனை மானங்கெடுத்திட்டியே! உன் பொண்ணும் வேணாம், உன் சம்பந்தமும் வேணாம். போ!"

போய்விட்டாள். நான் வாக்குத் தவறவே இல்லை. அவளே தூக்கி எறிந்துவிட்டாள். தங்கம்மாவைப் பிடித்தேன்.

"எல்லாம் உன் வேலையா?"

"நான் இன்னா பண்ணேன்? கேட்டேன், நீங்க சொன்னீங்க. நாளைக்குப் பேத்தமங்களாலேர்ந்து ரத்தினத்தைப் பொண்ணு பாக்க வராங்க. நமக்கு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ரத்தினத்துக்கும் சம்மதம்."

"நாளைக்கா! எப்போடி சொல்லி அனுப்பினே?"

"நீங்க கோழிக்குத் துணி கட்டின அன்னிக்கே. சரி, விருந்துக்குச் சேவல் வேணும். எந்தக் கூட்டத்துல அறுக்கலாம்? நீங்களே சொல்லிடுங்க, எனக்கு வம்சம் தெரியாது."

மூன்று சேவலையும் நானே பிடித்துக் கொடுத்தேன்.