ஏலே என்றதும் ஏலம்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பன்னிரண்டு வருடம் உழைத்து நான் எட்டிப்பிடித்த வேலை, கட்டம் போட்டு அம்புக்குறி இழுப்பது. அதற்குப் பெயர் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட். ஒரு வெள்ளைப் பலகை, மூன்று நிறத்தில் பேனா, யார் எதைச் சொன்னாலும் "இது தாங்குமா?" என்று கேட்பதற்கு ஒரு முகபாவம். இவ்வளவு இருந்தால் போதும். (முகபாவம் வருவதற்குத்தான் ஐந்தாறு வருடம் பிடிக்கும்.) தூத்துக்குடியில் எங்கள் தெருக்காரர்களுக்கு அதில் ஆர்க்கிடெக்ட் மட்டும்தான் காதில் விழுந்தது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் யாராவது வீட்டு பிளானைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, சமையலறையை எந்த மூலையில் வைக்கலாம் என்று கேட்பார்கள். நானும் தாடையைத் தடவிக்கொண்டு சொல்லியிருக்கிறேன். இரண்டு வீடு அப்படி எழும்பி நிற்கிறது.

சின்னப் பெண்ணாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போன முதல் வாரம், பக்கத்து இருக்கைப் பையனிடம், "ஏலே, அந்தச் சார்ஜரை எடு" என்றேன். எங்கள் பக்கம் அது வசவும் இல்லை, மரியாதையும் இல்லை. பேச்சுக்கு முன்னால் விடுகிற மூச்சு, அவ்வளவுதான். அந்தத் தளத்திலிருந்த தமிழர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒரு மாதத்துக்கு எனக்கு 'ஏலே' என்றே பெயர். அன்றைக்கு முடிவு கட்டினேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பழகி அந்தச் சொல்லைத் தொலைத்தேன். பிறகு ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் ஊர்ப் பேச்சில் ஒரு பகுதி போயிற்று. 'வாரான்' போய் 'வருகிறான்' வந்தபோது சீனியர் ஆகியிருந்தேன். 'அங்கன' போய் 'அங்கே' வந்தபோது டீம் லீட். ஆர்க்கிடெக்ட் ஆன சமயத்தில் நான் பேசியது செய்தி வாசிப்பது போல இருந்தது. ஒருநாள் ஃபோனில் "நலமாக இருக்கிறீர்களா?" என்று ஆரம்பித்தேன். ஏதோ பேங்கிலிருந்து பேசுகிறார்கள் என்று அம்மா வைத்துவிட்டாள்.

முப்பத்தைந்து வயதில் சிலருக்கு முழங்கால் வலி வரும். எனக்கு ஸ்டார்ட்அப் வந்தது.

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். எங்கள் ஊர்க் கரையில் மீன் ஏலம் நடக்கும்போது அங்கே நிற்கிற வியாபாரிகள் மட்டும்தான் கேட்க முடியும். மதுரையில் இருக்கிற ஹோட்டல்காரரும் தன் ஃபோனிலிருந்தே கேட்க முடிந்தால்? அதற்கு ஒரு செயலி. கரையில் ஒரு கம்பு, கம்பில் ஒரு டேப்லெட், பக்கத்தில் ஒரு ஒலிபெருக்கி. ஏலக்காரர் வாயால் "ஏலம்" என்று சொன்னால் போதும். டேப்லெட் விழித்துக்கொண்டு, எதிரே இருப்பதைப் படம் பிடித்து, என்ன மீன் என்று கண்டுபிடித்து, எல்லா வியாபாரிகளின் ஃபோனுக்கும் அனுப்பும். செயலியே ஒரு விலையில் ஆரம்பிக்கும், ஒவ்வொரு அமுக்குக்கும் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறும், அரை நிமிடத்துக்குள் கடைசியாக அமுக்கியவருக்கு மீன். ஏலக்காரர் கையில் எப்போதும் ஈரமும் செதிலும் இருக்கும், தொடுதிரை சரிப்படாது, ஆகவே குரல்தான் என்று நான் முடிவெடுத்தபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன். என் பேச்சை நம்பி, நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு மூன்று பேர் வந்தார்கள். கும்பகோணத்துக் கார்த்திக், கோயம்புத்தூர்ப் பெண்கள் இருவர்.

குரலைப் பழக்கியது பெங்களூரில், என் வீட்டு ஹாலில். கரையில் காற்றும் இரைச்சலுமாக இருக்கும், 'ஏலம்' என்பதில் கடைசி 'ம்' காற்றோடு போய்விடும் என்று கார்த்திக் சந்தேகப்பட்டான். உடனே அந்த முகபாவத்தை வரவழைத்துக்கொண்டு நான் ஒரு தீர்ப்பு சொன்னேன். 'ஏல' வரைக்கும் காதில் விழுந்தாலே செயலி விழித்துக்கொள்ளட்டும், 'ம்' வேண்டாம். பலகையில் எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டேன். நாலு பேரும் கை தட்டினோம். தூத்துக்குடியில் பிறந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். எனக்கு உறைக்கவே இல்லை.

கையிருப்பு இரண்டு மாதத்துக்குத்தான் தாங்கும் என்ற நிலையில், சென்னையிலிருந்து ஒரு முதலீட்டாளர் நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார். விக்ரம் என்று பெயர். பிடித்திருந்தால் கம்பெனி பிழைக்கும். பிடிக்காவிட்டால் என்னை நம்பி வந்த மூன்று பேருக்கும் நானே வேறு வேலை தேடித்தர வேண்டும். அந்த வாரம் முழுக்க நான் சோற்றைப் பிசைந்ததோடு சரி.

அப்பாவுக்கு மார்க்கெட் பக்கத்தில் பலசரக்குக் கடை. மீனுக்கும் அவருக்கும் சம்பந்தம் குழம்போடு சரி. ஆனாலும் என் செயலியைத் தன் ஃபோனில் போட்டுத்தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். "எம் மவ ஊருக்கே ஆப்பு வச்சிருக்கா" என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொன்னார். (அவர் எந்த அர்த்தத்தில் சொன்னாரோ, நடந்தது மற்ற அர்த்தத்தில்.) நாளைக்குச் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள், எதையும் அமுக்காதீர்கள் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனேன்.

சனிக்கிழமை. கடலில் தங்கிப் பிடிக்கிற நாட்டுப்படகுகள் எல்லாம் கரைக்கு வரும் நாள். விக்ரம் வெள்ளைச் சட்டையும் தோல் ஷூவுமாக வந்து நின்றார். ஏலக்காரர் மிக்கேல் அண்ணாச்சி, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு சீலா மீன் குவியலைக் காட்டி, "ஏலம்" என்றார். ஒலிபெருக்கியில் என் குரல் கணீரென்று வந்தது: "ஏலம் தொடங்கிவிட்டது. தாங்கள் விரும்பும் விலையைத் தெரிவியுங்கள்." ஆமாம், செயலிக்குக் குரல் கொடுத்தது நான்தான், அந்தச் செய்தி வாசிக்கிற தமிழில். கூட்டம் ஒலிபெருக்கியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. மீன் விலை போயிற்று. விக்ரம் தலையாட்டினார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நிமிடம் அதற்கு முன்னால் இல்லை. அது ஒரு நிமிடம்தான் இருந்தது.

மீன் கூடையோடு ஒருவர் வந்தார். அவருக்குப் பின்னாலிருந்து யாரோ, "ஏலே, பாத்துப் போலே" என்றார்கள்.

"ஏலம் தொடங்கிவிட்டது" என்றேன் நான், ஒலிபெருக்கியில்.

டேப்லெட்டுக்கு எதிரே அப்போது இருந்தது ஒரு ஐஸ் பெட்டி. செயலி அதைப் படம் பிடித்துச் 'சூரை மீன்' என்று அறிவித்தது. ஒரு பொருளை அடையாளம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்ல நாங்கள் அதற்குக் கற்றுத்தரவில்லை. (ஆர்க்கிடெக்ட் வளர்த்த பிள்ளை வேறு எப்படி இருக்கும்?) பிறகு ஒரு நாய் குறுக்கே வந்தது. "ஏலே, அதை விரட்டு" என்றார் ஒருவர். நாய் 'விளைமீன்' ஆயிற்று. தள்ளி நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி "ஏளா" என்று கூப்பிட்டார்கள். லகரத்துக்கும் ளகரத்துக்கும் வித்தியாசம் தெரியாத என் செயலி அதற்கும் விழித்தது. கரையில் நின்ற வியாபாரிகளின் ஃபோன் அத்தனையும் விடாமல் மணியடித்தது.

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. பன்னிரண்டு வருடமாக நான் தொலைத்துவிட்டதாக நினைத்த சொல்லை அந்தக் கரை முழுக்க வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்தது.  மெதுவாக அண்ணாச்சி காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். உடனே கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"ஏலே, எவனும் ஏலேன்னு சொல்லப்பிடாதுலே."

ஒரே வாக்கியத்தில் இரண்டு ஏலம். அண்ணாச்சியின் நீலச் சட்டை போட்ட வயிறு 'ஊளி மீன்' என்று மதுரை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

விக்ரம் இங்கிதம் தெரிந்தவர். சிரிக்கவில்லை. என்ன சிக்கல் என்று அண்ணாச்சியிடம் கேட்டார்.

"நாங்க ஏலேன்னா அது ஏலம்ங்குது சார்" என்றார் அண்ணாச்சி. "வாயத் தொறக்காம ஏலம் போட முடியாது. தொறந்தா அதுவே போட்டுருது."

நிறுத்துவதற்கும் ஒரு கட்டளை வைத்திருந்தேன். அது 'ஏலம் முடிந்தது'. அதைச் சொல்ல ஆரம்பித்தாலே புது ஏலம் தொடங்கிற்று. அந்த நெரிசலில் ஒரு கூடை இடித்துக் கம்பு அரை வட்டம் திரும்பியது. டேப்லெட் இப்போது விக்ரமைப் பார்த்தபடி நின்றது. ஒலிபெருக்கியின் மின்கம்பி கார்த்திக்கின் காலடியில் கிடந்தது. அவனோ ஃபோனில் எதையோ திருத்திக்கொண்டிருந்தான். "கார்த்திக், தயவுசெய்து அதைக் கழற்றிவிடு" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பெங்களூரும் பதவி உயர்வும் கண்ணாடிப் பயிற்சியும் எங்கே போயினவோ தெரியவில்லை.

"ஏலே, அந்தக் கம்பியப் புடுங்குலே."

செயலி அதிகமாகப் பழகியது என் குரலோடுதான். மற்றவர்கள் ஏலே என்றபோது ஒரு கணமாவது யோசித்தது, நான் சொன்னதும் யோசிக்கவே இல்லை. விக்ரமை நெற்றி முதல் ஷூ வரை படம் பிடித்தது. "பாறை மீன். பெரியது. முதல் தரம்" என்று என் குரலிலேயே அறிவித்தது. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பி அலை மாதிரி பின்வரிசை வரைக்கும் போயிற்று. நான் மண்ணைப் பார்த்தேன். அரை நிமிடம்தானே, யார் அமுக்கப்போகிறார்கள், தானாக அணைந்துவிடும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். இருபத்தெட்டாவது விநாடியில் டிங் என்றது.

"கிலோ நானூற்றுப் பத்து. எடுத்தவர், தங்கராஜ், பலசரக்குக் கடை."

என் அப்பா.

விக்ரம் தன் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு, தன்னை எடுத்தவர் யார் என்று தெரிந்துகொள்ளலாமா என்று மெல்லக் கேட்டார். சொன்னேன். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அழைத்தேன். விமானத்துக்கு நேரமாகிறது என்றார். அவர் ஏறிய கார் கிளம்பும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. மூன்று நாள் கழித்து வந்த மின்னஞ்சலில் அதையே மரியாதையாக எழுதியிருந்தார்.

நேரே கடைக்குப் போனேன். கோபம் முழுவதையும் அப்பா மேல் இறக்கிவைக்கத்தான் போனேன். எதையும் அமுக்காதீர்கள் என்று சொன்னேனா இல்லையா, என்ன படம் என்றுகூடவா பார்க்கவில்லை என்று கத்தினேன். கடையில் நின்றவர்கள் வாங்க வந்ததை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். அப்பா பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவர் நூலை அறுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கண்ணாடி வீட்ல கெடக்கு. என்ன படம்னு தெரியல. மணி அடிக்கி, அடிக்கி, ஒருத்தரும் கேக்கல. ஏளா ஜெயா, ஒஞ்சரக்கு கேப்பாரத்துக் கெடக்கலாமா? அதான் அமுக்கிட்டேன்."

 அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். கடைக்கு வந்த ஒரு அம்மா, மாப்பிள்ளை வீட்டில் ஏதாவது தகராறா என்று அப்பாவிடம் விசாரித்தார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

கம்பெனியை மூடினோம். பெண்கள் இருவருக்கும் பழைய இடத்திலேயே வேலை கிடைத்தது. கார்த்திக்கை, நீங்கள் நம்பமாட்டீர்கள், விக்ரமே கூப்பிட்டு எடுத்துக்கொண்டார். அந்தக் களேபரத்திலும் பதறாமல் நின்ற ஒரே ஆள் அவன்தானாம். (ஃபோனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றவன் அவருக்குப் பதறாதவனாகத் தெரிந்திருக்கிறான்.) நான் மறுபடியும் கட்டம் போட்டு அம்புக்குறி இழுக்கிற வேலைக்கே போய்விட்டேன், இந்தத் தடவை அப்பா கடையின் மாடியில் இருந்தபடி. அலுவலக அழைப்பில் இப்போது "ஏலே" தாராளமாக வருகிறது. அமெரிக்காவில் இருக்கிற மேனேஜர் அதை ஏதோ ஊக்கச் சொல் என்று நினைத்துக்கொண்டு தானும் சொல்கிறார்.

போன வருடம் தம்பிக்குக் கல்யாணம். கார்த்திக்குக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தேன். அவன் வந்தான், கூடவே விக்ரமையும் அழைத்து வந்துவிட்டான். மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற அப்பாவுக்கு, யார் என்று நான்தான் சொன்னேன். அப்பா செம்பைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். விக்ரமை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தார். பிறகு அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பந்திக்கு நின்ற சொந்தபந்தம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"எடுத்து ரெண்டு வருசம் கழிச்சி இப்பதான் சரக்கு வந்து எறங்குது. எடையும் கொறஞ்சிருக்கு."