ஏழு மணி பஸ்ஸின் சோதனை ஓட்டம்

அமிர்திக்கு மேலே, மலைக்காட்டுக்குள் இருக்கும் அந்த ஊருக்கு பஸ் வேண்டும் என்ற கோரிக்கையை அரசு மிகுந்த கனிவுடன் பரிசீலித்து வந்தது. கனிவுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. பஸ்தான் வரவில்லை.

பாஞ்சாலைக்குப் பொறுமை போய்விட்டது. மகள் செவ்வந்தி கணியம்பாடியில் நர்சிங் வகுப்புக்குப் போகிறாள். ஷேர் ஜீப்போ ஆள் நிறைந்தால்தான் நகரும். இன்னொரு முறை தாமதமானால் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள். பாஞ்சாலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மலையிறங்கி, பயணத் தேவை மதிப்பீட்டு அதிகாரி கோபால்சாமி முன்னால் போய் நின்றாள்.

அறிவியல்பூர்வமாக முடிவெடுப்பது எப்படி என்ற பயிற்சியை அவர் அப்போதுதான் முடித்து, சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தார்.

“உங்க ஊருக்கு நானே நேர்ல வந்து ஆய்வு பண்ணேன்மா. பஸ்ஸுக்குன்னு ஒரு ஆள்கூட நிக்கல.”

“பஸ்ஸே வராதப்போ இன்னாத்துக்கு சார் நிப்பாங்க?”

“அதையேதான் நானும் கேக்கறேன். ஆளே நிக்காத எடத்துக்கு எதுக்கு பஸ்ஸு?”

“இங்க வர்றதுக்குள்ள உசுரே போவுது சார்.”

“ஆனா வந்துட்டீங்க இல்ல? வர முடியலன்னு இதுவரைக்கும் யாரும் இங்க வந்து சொன்னதே இல்லியே!”

பாஞ்சாலை ஆத்திரம் தாங்காமல் வாசலை மறித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதிகாரியின் சாப்பாட்டு நேரம் நெருங்கவே, பொதுமக்கள் நலன் கருதி ஒரு நாள் சோதனை ஓட்டத்துக்கு உத்தரவு பிறந்தது.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு பஸ் வந்தேவிட்டது. டிரைவர், கண்டக்டர், தலை எண்ணுவதற்குக் கோபால்சாமி. வேறு யாரும் இல்லை. ஊரே திரண்டு நின்று வாய் பிளந்து பார்த்தது. ஏறத்தான் இல்லை.

“ஏறட்டுமாம்மா? நேரமாவுது” என்றாள் செவ்வந்தி.

“இருடி. ஒருத்தரும் ஏறல பாரு. விஷயம் இல்லாமலா இருக்கும்?”

“பிரேக்கு புடிக்காதோ இன்னாவோ” என்றான் பக்கத்தில் நின்ற வீரன். அவனும் யாராவது முதலில் ஏறட்டும் என்றுதான் நின்றிருந்தான்.

அந்த நேரம் பார்த்து ஷேர் ஜீப் வந்தது. படியில் இருவர் தொங்கினார்கள், கூரையில் புளிமூட்டையோடு ஒருவர். ஊர் மொத்தமும் அதைப் பார்த்து ஓடியது. பாஞ்சாலையும் ஓடி, மகளை உள்ளே திணித்தாள்.

“இத்தினி பேரு ஏர்றாங்கன்னா சும்மாவா?”

இன்னும் இரண்டு பேர் வரட்டும் என்று ஜீப் காத்திருக்க, பஸ் காலியாக இறங்கிப்போனது. “கோரியவரே ஏறவில்லை. கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது” என்று கோபால்சாமி திருப்தியோடு எழுதிக்கொண்டார்.

வகுப்புக்கு மறுபடியும் தாமதமாகிவிட, அன்றே செவ்வந்தியின் பெயரை எடுத்துவிட்டார்கள். அவள் அழுதுகொண்டு வீடு திரும்பியபோது ஊரே கூடி ஆறுதல் சொன்னது: “பஸ்ஸு இல்லாத ஊர்ல பொறந்தா இதான் கதி.”

ஒருவர் விடாமல் எல்லோரும் அதையே சொன்னதால், பாஞ்சாலைக்கும் அதுதான் சரியென்று பட்டது.