ஓங்கல் நாட்டில் காப்பு அவிழ்த்த கதை

ஏழு ஆறுகளைத் தாண்டி, எட்டாவது ஆறு வற்றிப்போன இடத்தில் ஓங்கல் நாடு என்று ஒன்று இருந்தது. அங்கே மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு கட்டியவருக்குத்தான் வைத்தியசாலைக் கதவு திறக்கும். குழந்தைகளுக்குப் பெற்றோர் பேரில் கயிறு உண்டு. அறுபது கடந்தவர்களுக்கு அரண்மனை பேரில் உண்டு. நடுவில் இருப்பவர்களுக்கு வேலை கொடுத்தவர் கட்ட வேண்டும், தொண்ணூறு நாள் வேலை பார்த்திருந்தால். ஆகவே எல்லா முதலாளிகளும் எண்பத்தொன்பதாம் நாள் மாலை, "போயிட்டு நாளைக்குப் புதுசா வந்து சேருப்பா" என்று அன்போடு அனுப்பிவைத்தார்கள்.

அரண்மனையும் ஒரு முதலாளிதான். அங்கே முரசடித்துச் செய்தி சொல்லும் மருதையன் இருபத்து நான்கு வயதுக்குள் அதே வேலையில் பதினொரு முறை புதிதாகச் சேர்ந்திருந்தான்.

இருபத்தொன்றாம் வயதில் அவனுக்கும் ஊர் வழக்கப்படி காப்பு அவிழ்ப்பு விழா நடந்தது. இளைஞர் நலத் துறை அமைச்சர் வேங்கையப்பர் தம் கையாலேயே கயிற்றை அறுத்து, "காளைக்குக் கயிறு எதற்கு!" என்று முழங்கினார். மருதையன் விசிலடித்தான். பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு அவனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. "நமக்கெல்லாம் என்னடா வரப்போகுது? வந்தா ஒரு சுக்குக் காப்பியில ஓடிரும்" என்றான் கூட்டாளிகளிடம்.

நாளடைவில், கயிறில்லாத இளைஞர்கள் பெருகிவிட்டதாகப் புகார் போனது. அமைச்சரவை மூன்று நாள் கூடி, கயிற்றுக்குப் பதில் ஒரு விளக்கம் கொடுத்தது: "இளைஞர் என்பவர் நோயற்றவர்." இதைத் தெருத்தெருவாக முரசடித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மருதையனுக்கு வலது அடிவயிற்றில் கத்தி இறங்கினாற்போல் வலித்தது. மூன்று சுக்குக் காப்பி குடித்தான். மூன்றும் வெளியே வந்தன.

வைத்தியசாலை வாசலில் எழுத்தர் ஏகாம்பரம் பதிவேட்டைத் திறந்தார். அதில் குழந்தை, இளைஞர், முதியவர் என்று மூன்றே பத்திகள்.

"வயசு?"

"இருபத்து நாலுங்க. ஐயோ, சீக்கிரம் பாருங்கய்யா!"

"அப்போ இளைஞர். இளைஞருக்கு நோய் வராது. காலையில நீதானய்யா கத்திக்கிட்டுப் போன?"

"நான்தாங்க கத்தினேன். இப்பவும் நான்தாங்க கத்துறேன்!"

ஏகாம்பரம் கெட்டவர் அல்லர், விதி தவறாதவர். அவ்வளவுதான். "நோய் இருக்கு, அதனால இளைஞர் இல்ல. மீசை இருக்கு, அதனால குழந்தையும் இல்ல. மிச்சம் ஒரு பத்திதான்" என்று சொல்லி, முதியவர் பத்தியில் பெயரை எழுதினார். அறுபது கடந்தவர்களுக்கான கயிற்றையும் கட்டினார். "உள்ள போங்க, பெரியவரே."

குடல்வாலை, அது வெடிக்கும் தறுவாயில் அறுத்தெடுத்தார்கள்.

இந்தச் செய்தி முரசில்லாமலே பரவியது. பல்வலிக்காரர்கள், முதுகுவலிக்காரர்கள், மூன்று மாதமாகத் தூக்கம் வராதவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று, முதியவர்களாகித் திரும்பினார்கள். ஐந்தே நாளில் இளைஞர் பத்தி காலி. வேங்கையப்பர் பூரித்துப்போனார். "காப்பில்லாத இளைஞர் ஒருவர்கூட இல்லாத ஒரே நாடு நம் நாடு!" என்று அறிவித்து வெற்றித் தேரில் ஏறினார்.

"இளைஞர்களே! வந்து வடம் பிடியுங்கள்!"

ஒருவரும் அசையவில்லை. மருதையனுக்குத் தையல் பிரிக்க இன்னும் நான்கு நாள் இருந்தது. வடத்தைத் தொட்டால் இளைஞன். இளைஞன் என்றால் கயிறு போய்விடும், கதவும் சாத்திவிடும். அவன் இடுப்பில் கைவைத்துக் கூனிக்கொண்டான்.

அமைச்சர் அவனைப் பார்த்துவிட்டார். "ஏ மருதையா! நீயாவது வா!"

"முட்டி புடிச்சுக்கிச்சு தம்பி."

"தம்பியா?"

ஏகாம்பரம் பதிவேட்டோடு முன்னால் வந்தார். "ஐயா கோவிச்சுக்கக் கூடாது. பதிவேட்டுப்படி அவருக்கு அறுபது தாண்டிருச்சு. தங்களுக்கு ஐம்பத்தெட்டு. நோய்நொடியும் இல்ல. இப்போதைக்கு நாட்டுல இருக்கிற ஒரே இளைஞர் தாங்கள்தான்."

அமைச்சர் தேரிலிருந்து வடத்தைப் பார்த்தார். யானைத் துதிக்கை பருமனில் அது தரையில் கிடந்தது. கூட்டம் மரியாதையாக இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது.

"பாத்து இழுங்க, தம்பி" என்றான் மருதையன்.