ஹெல்மெட் போட்டுத் தூங்கியவள்

மெத்தை முழுக்க இலை இலையாக ஓட்டை விழுந்திருந்தது. ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் மேகம் தெரிந்தது. மெத்தையின் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்த விளம்பரப் பெண்ணோ, இன்னும் ஒரு நிமிஷத்தில் ஆகாயத்திலிருந்து பொத்தென்று விழப்போகிறோம் என்பது தெரியாமல் புன்சிரிப்போடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, மெத்தையை எலி கடிச்சிடுச்சா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் மனைவி.

"எலியும் இல்லை, பூனையும் இல்லை. நீ போய் உன் வேலையைப் பாரு" என்றார் கத்திரி.

கத்திரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. பதினெட்டு வருஷமாக ஒரே ஸ்டூடியோவில் வீடியோ எடிட்டர். வெட்டுவார், ஒட்டுவார். அதற்கு மேல் எதைச் சொன்னாலும், "அதெல்லாம் கண்கட்டு வித்தை, நம்ம தொழில் இல்லை" என்பார். அதனால் முதலாளியிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் கத்திரி சார்தான்.

அவருடைய நிம்மதி மூன்று மாதம் முன்பு போனது. சுருட்டை முடியோடு ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான். நடிகர்களைப் பச்சைத் துணிக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் பிடித்துக் கொடுத்தால், துணியை மாயமாக்கிவிட்டு அந்த இடத்தில் கடலோ காடோ எது கேட்டாலும் கொண்டு வந்து வைத்தான். முதலாளி அவனைத் தோளில் தட்டிப் பேசினார். பதினெட்டு வருஷத்தில் கத்திரியின் தோளை அவர் ஒருமுறை தொட்டிருக்கிறார், அதுவும் பல்லி விழுந்தபோது.

மெத்தையில் ஓட்டை விழுந்த அன்று காலைதான் முதலாளி இருவரையும் கூப்பிட்டார்.

"மெத்தைக் கடை விளம்பரம். இருபது விநாடி. மெத்தை ஆகாயத்துல பறக்கணும். ரெண்டு பேருக்கும் ஒரே படத்தைத் தர்றேன், பத்து நாள் டைம். யாரோடது நல்லா இருக்கோ அவருக்குத்தான் புது ரூம். இன்னொருத்தர் அவருக்குக் கீழே வேலை பார்க்கணும்."

புது ரூமுக்குத் தனிக் கதவும் ஜன்னலும் இருந்தன. கத்திரியின் மேஜையோ தண்ணீர் கேனுக்கும் கழிவறைக் கதவுக்கும் நடுவில். யார் கை கழுவப் போனாலும் அவர் நாற்காலியை ஒரு இடி இடித்துவிட்டுத்தான் போவார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சுருட்டை அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, "கத்திரி சார், இதைக் கொஞ்சம் வெட்டிக் குடுங்க" என்று உத்தரவு போடுவதை நினைத்தபோதுதான் அவருக்கு அடிவயிறு பற்றி எரிந்தது.

அதனால் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. போன வருஷம் ஆசையாகச் சேர்ந்த நாற்பது பாட இணைய வகுப்பும் இருந்தது. மூன்றாம் பாடத்தில் கொட்டாவி வந்து மூடியவர், இப்போதுதான் திறந்தார். நாற்பது பாடத்துக்கு எதிரிலும் 'முடிந்தது' என்று டிக் விழுந்திருந்தது.

"பார்த்தியா? நம்ம அனுபவம் கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சிருக்கு!" என்றார்.

மனைவி குனிந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

பாடத்தில் பார்த்தபடி, "பச்சையை எடு" என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தார். அது சொன்ன சொல் தட்டாத பிள்ளை. துணியை எடுத்தது. மெத்தையின் மேலிருந்த பச்சை இலை டிசைனையும் சேர்த்து எடுத்தது. அப்படி விழுந்தவைதான் அந்த ஓட்டைகள்.

பச்சையை எடுக்கும் அளவைக் குறைத்தார். ஓட்டை மறைந்தது, ஆனால் பச்சைத் துணி பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. போதாததற்குத் துணியின் பச்சை வெளிச்சம் அந்தப் பெண்ணின் கன்னத்தில் பாசி பிடித்த மாதிரி படிந்திருந்தது. அதைப் போக்க இன்னொரு அளவைத் திருகினார். அவள் செக்கச் செவேலென்று ஆகிவிட்டாள்.

"ஐயோ பாவம், காய்ச்சலா அவளுக்கு?" என்றாள் மனைவி.

"உன்னை யாரும் கூப்பிடலை."

மறுநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டி.வி.யில் சுருட்டை செய்த ஷாம்பூ விளம்பரம் வந்தது. கத்திரிக்குச் சோறு இறங்கவில்லை.

"முடி ஒவ்வொண்ணும் தனித்தனியா காத்துல ஆடுது பாரு. பாவிப்பய, எப்படித்தான் பண்ணினானோ!"

"அவ்வளவு நல்லாவா இருக்கு?" மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"நல்லாவா? முதலாளி எழுந்து நின்னு கை தட்டினார்."

"எழுந்து நின்னா? உக்காந்துக்கிட்டே தட்டலையே?"

"எழுந்து நின்னுதான். நீ ஏன் இப்படிப் பல்லைக் காட்டறே? அவன் என்ன உன் கூடப்பிறந்த தம்பியா?"

"நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லக்கூடாதா?"

"என் வேலையைப் பார்த்து ஒருநாளாவது இப்படிச் சிரிச்சிருக்கியா நீ?"

மனைவி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, செக்கச் செவேலென்று தூங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்தாள். பிறகு அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டுவிட்டு உள்ளே போனாள். அதுவரை சுருட்டை ஒருவன்மேல் மட்டும் இருந்த பொறாமையில் பாதியை அன்று முதல் மனைவி மேலும் காட்ட ஆரம்பித்தார் கத்திரி.

கட்டளை உதவாது என்றால் கையால் வரைய வேண்டியதுதான் என்றது பாடம். மெத்தையையும் பெண்ணையும் சுற்றி ஒரு கோடு. கோட்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் போய்விடும். கத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வரைந்தார். அழகாக வந்தது. ஓட விட்டார். மூன்றாவது விநாடியில் அந்தப் பெண் புரண்டு படுத்தாள். கோடு புரளவில்லை. அவள் மூக்கு வெளியே மாட்டிக்கொண்டு காணாமல் போயிற்று.

அப்போதுதான் உறைத்தது. ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படம். இருபது விநாடிக்கு ஐந்நூறு.

வீம்புக்கு ஐந்நூறையும் வரைய உட்கார்ந்தார். நான்கு நாள் சாயங்காலம் அவர் பேச்சு, சிரிப்பு, குளியல் எல்லாம் நின்றுபோயின. முடி வந்த இடத்தில் மட்டும், ஒவ்வொன்றாக யார் வரைவது என்று, வழுவழுவென்று ஒரே வளைவாக வரைந்து முடித்தார். எல்லாம் முடிந்து ஓட விட்டபோது மெத்தை ஜன்னி கண்டது போல் வெடவெடவென்று நடுங்கியது.

"இவ ஏங்க ஹெல்மெட் போட்டுக்கிட்டுத் தூங்கறா?" என்றாள் மனைவி.

"அது முடி!"

"ஓகோ. ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? ஒவ்வொரு படத்துக்கும் புதுசு புதுசா வரையறதாலதான் நடுங்குதோ என்னமோ. பத்துக்கு ஒண்ணு வரைஞ்சிட்டு, நடுவுல இருக்கறதைக் கம்ப்யூட்டரையே நகர்த்தச் சொல்லலாமே. முடியை மட்டும் தனியா வச்சுக்கிட்டு..."

"இது என்ன, ஊசியில நூல் கோக்கற வேலைன்னு நெனச்சியா? பதினெட்டு வருஷ சர்வீஸ் எனக்கு!"

அடுத்த நாள் கத்திரி பத்துக்கு ஒன்று வரைந்தார், முடியைத் தனியாகப் பிரித்தார். நடுக்கம் நின்றது. ஹெல்மெட் சுமாராக முடி ஆயிற்று. இந்த யோசனை தனக்குக் குளிக்கும்போது தோன்றியது என்று ஸ்டூடியோவில் இரண்டு பேரிடம் சொன்னார்.

மிச்சம் இருந்தது கடைப் பெயர். அது மெத்தையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, மெத்தை போகும் இடமெல்லாம் போக வேண்டும். அதற்குப் படத்தில் பளிச்சென்று ஒரு புள்ளியைக் காட்டினால் போதும், கம்ப்யூட்டர் அதை விடாமல் பின்தொடரும். வெள்ளை மெத்தை ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி கச்சிதமாக இருந்தது. அதைக் காட்டிவிட்டு, சுருட்டையின் கண்ணில் படட்டும் என்று ஸ்டூடியோவில் எல்லோர் முன்னாலும் ஓட விட்டார். முதலாளியும் வந்து நின்றார்.

நான்கு விநாடி கடைப் பெயர் கம்பீரமாக இருந்த இடத்திலேயே இருந்தது. ஐந்தாவது விநாடியில் துள்ளி எழுந்தது. மெத்தையை இரண்டு சுற்றுச் சுற்றியது. அந்தப் பெண்ணின் முழங்காலில் உட்கார்ந்து, எழுந்து, கடைசியில் அவள் மூக்கு நுனியில் போய் இறங்கியது.

"கத்திரி, கடைப் பேரு ஏன்யா பறக்குது?" என்றார் முதலாளி.

கத்திரி திரையை உற்றுப் பார்த்தார். அவர் காட்டிய புள்ளி ஓர் ஈ.

ஸ்டூடியோவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சுருட்டை மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் கத்திரியை இன்னும் சுட்டது. ஜெயிக்கப் போகிறவன் சிரிக்க மாட்டான், பெருந்தன்மை காட்டுவான்.

அன்று முதல் சுருட்டையை வேவு பார்த்தார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தார். அவன் கம்ப்யூட்டரில் மெத்தையே இல்லை. ஒருநாள் சதுரங்கம் ஆடினான். இன்னொரு நாள் நகத்தைக் கடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். ஐந்து மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

"என்னப்பா, உன் மெத்தை எந்த அளவுல இருக்கு?"

"அது... முடிஞ்சிடும் சார். ஒரு நாள் வேலைதானே."

ஒரு நாள் வேலை! கத்திரி அதை வீட்டுக்கு வந்து நான்கு முறை சொல்லிச் சொல்லிப் பொருமினார். "நான் ஒன்பது நாளா உயிரை விடறேன், அவனுக்கு ஒரு நாள் வேலையாம்! கடவுள் சில பேரை மட்டும் ஏன்தான் இப்படிப் படைக்கறாரோ."

"உங்களோடதும் இப்ப நல்லாத்தான் இருக்குங்க" என்றாள் மனைவி. "அந்த ஈயை விட்டுட்டு, மெத்தை மூலையில தையல் போட்டிருக்கே, அதைக் காட்டிப் பாருங்களேன்."

"என்னைச் சமாதானப்படுத்தாதே. அவன்தானே உனக்கு ஒசத்தி!"

சொல்லிவிட்டு மூலைத் தையலைக் காட்டினார். கடைப் பெயர் மெத்தையோடு மெத்தையாக ஒட்டிக்கொண்டது. மெத்தை பறந்தது. பெண் புரண்டாள், மூக்கு இருந்தது. ஓரமெல்லாம் கொஞ்சம் முரடுதான். ஷாம்பூ விளம்பரத்துக்குக் கால் தூசு பெறாது என்று அவருக்கே தெரிந்தது.

பத்தாம் நாள் காலை. மூன்று மணிக்கு முதலாளி பார்க்கப் போகிறார். கத்திரி தன் மேஜையில், ஜன்னலைப் பற்றிய ஆசையை எல்லாம் விட்டுவிட்டு, சுருட்டை உத்தரவு போடும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். சுருட்டை வந்தான். நாற்காலியை இடிக்காமல் வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"சார், ஒரு நிமிஷம் அந்த ரூமுக்கு வாங்க. தனியாப் பேசணும்."

புது ரூமில் நுழைந்து கதவைச் சாத்தியவன், சட்டென்று கத்திரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"என்னைக் காப்பாத்துங்க சார். என்கிட்ட மெத்தை இல்லை."

"இல்லைன்னா?"

"எனக்கு இந்த வேலையே தெரியாது சார். பச்சையை எடுன்னு சொல்லக்கூட வராது. ஷாம்பூ, கடல், காடு எதுவுமே நான் பண்ணலை. எல்லாம் வெளியில ஒருத்தர்கிட்ட அனுப்பி வாங்கினது. நேர்ல பார்த்தது கூடக் கிடையாது. வீட்டுலேருந்தே பண்றவங்க. காலையில அனுப்பினா சாயங்காலத்துக்குள்ள கைக்கு வந்துடும்."

மூன்று மாதத்தில் முதல்முறையாகக் கத்திரி நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். ஜன்னல் வழியே வந்த காற்று அவருக்காகவே வந்தது போலிருந்தது. இவனைப் பார்த்தா வயிறெரிந்தோம்? இவன் எதுவுமே இல்லை. இந்த ரூம் நம்முடையது. சுழல் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினார். மனைவியிடம் இதைச் சொல்லும்போது அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். "உன் ஆளு ஒரு டூப்பு" என்று ஆரம்பிக்கலாம்.

தாராள மனசும் கூடவே வந்துவிட்டது.

"போகட்டும் விடுப்பா. நான் முதலாளிகிட்ட மூச்சு விட மாட்டேன். எனக்குக் கீழேயே இரு, எல்லாத்தையும் நான் சொல்லித் தர்றேன். ஆமா, அந்தப் பெரிய ஆள் மெத்தையை மட்டும் ஏன் கைவிட்டாராம்? கஷ்டமா இருந்துச்சாமா? நானே ஒன்பது நாள் போராடித்தானே வழிக்குக் கொண்டுவந்தேன்."

சுருட்டை தலையைச் சொறிந்தான்.

"கஷ்டம்னு சொல்லலை சார். எப்பவும் போல ஒரே நாள்ல வந்துடும்னு நேத்துக் காலையிலதான் அனுப்பினேன், பார்த்த உடனே மாட்டேன்னுட்டாங்க. 'எங்க வீட்டுக்காரர் ஒன்பது நாளா இதே மெத்தையோடதான் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கார், இதையும் நானே பண்ணிட்டா மனுஷன் பொறாமையிலேயே பொசுங்கிடுவார்'னாங்க... அதான் சார் எனக்குப் புரியவே இல்லை, நான் அனுப்பறதுக்கு முன்னாடியே நம்ம மெத்தை அந்தம்மா வீட்டுக்கு எப்படி சார் போச்சு?"