மொட்டைமாடியில் நடந்த வெயில் திருட்டு

கீழப்பாவூர்,
சித்திரை 12.

அன்புள்ள மைத்துனர் தளவாய் அவர்களுக்கு, ஓய்வு பெற்ற போலீஸ் ஏட்டு நமசிவாயம் எழுதுவது. உம் அக்கா குருவம்மாளும் நானும் நலம். கோவையில் நீரும் உம் சோலார் கம்பெனியும் செழிக்க நம்மூர் நரசிம்மர் பார்த்துக்கொள்வார். நிற்க. நீர் மாட்டிவிட்ட பேனல்களை உடனே வந்து கழற்றிக்கொண்டு போகவும்.

இந்தக் கோடையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஏசி வந்துவிட்டது. சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கி ஃபேன்களெல்லாம் என்னைப்போல் ரிட்டயர் ஆனமாதிரி சுற்றுகின்றன. எனக்கென்ன, பகலில் வெயிலே கரண்ட் தருகிறது என்று தெருமுனையில் பெருமை பேசினேன். மறுவாரமே, பேனல் தினம் இருபது யூனிட் தருவதாகக் காட்டிய சோலார் மீட்டர் எட்டில் வந்து நின்றது. முழங்கால் வலியால் நான் மாடி ஏறுவதில்லை. வானத்தில் மேகம் இல்லை, ஆகவே இது திருட்டு என்று காக்கி போட்ட புத்தி முடிவு கட்டியது. பக்கத்து வீட்டு பாரூக் பாய் புதிதாக இரண்டு ஏசி வாங்கியதுதான் ஆதாரம். நேரே போய், "என் கரண்ட்ட எந்த வழியா இழுக்கீரு?" என்று விசாரித்தேவிட்டேன். மனுஷர் படாரென்று கதவைச் சாத்தினார்.

பிறகுதான் உம் கம்பெனி ஆள் ஜஸ்டினை வரவழைத்தேன். மாடிக்குப் போனவன் எதையோ மென்றுகொண்டே இறங்கினான். "அண்ணாச்சி, திருட்டுமில்ல ஒண்ணுமில்ல. பேனல் மேல வேட்டிய விரிச்சு ஆச்சி கூழ்வடகம் ஊத்தியிருக்காவ." உம் அக்காவைக் கேட்டால், "மாடி பூரா நீங்க கண்ணாடியப் பரப்பிட்டா நான் எங்கன காயப்போட? அதுல ஊத்துனா ஒரே நாள்ல காயுதுல்லா!" என்கிறாள்.

எனக்கு வடகமும் வேண்டாம் பேனலும் வேண்டாம், பாரூக் பாய் பேசினால் போதும் வே. இருபது வருஷமாகச் சேர்ந்து டீ குடிக்கிறவர்கள் நாங்கள். நாலு நாளாகத் தனியாகக் குடிக்கிறேன். மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை, சர்வீஸ் பூரா அடுத்தவனைத்தானே கேட்க வைத்திருக்கிறேன். லாரியோடு வாரும்.

உம் மனைவி உமாராணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
நமசிவாயம்

பின்குறிப்பு: லாரி வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் பாரூக் பாயே வந்துவிட்டார். ஜஸ்டின் சங்கதியைத் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறான். "ஓய், திருடுறதா இருந்தா உம்ம வீட்டு வடகத்தையில்லா திருடியிருப்பேன்!" என்று சிரித்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இரண்டு ஏசிக்கும் ஈடுகொடுக்க அவர் மாடியிலும் பேனல் போட வேண்டுமாம், சீக்கிரம் வாரும். ஆனால் உம் அக்காவும் அவர் வீட்டம்மா நஸீபாவும் இரண்டு மாடியிலும் ஏறி, வடகத்துக்கான இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு முடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தால்தான் உம் பேனலுக்காம்.