பெண்டுலத்துக்கு ஒரு மறு எண்ணிக்கை

பல்கலைக்கழக நாடக மன்றத்தின் ஒத்திகை அறைக்கு வெளியே வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது. நாடகத்துக்கு வந்த கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். போன நாடகத்துக்கு வந்தவர்களை உட்கார வைக்க ஒரு பெஞ்சே போதுமாக இருந்தது. இது பெண்டுலம் அண்ணனைப் பார்க்க வந்த கூட்டம்.

வேதியியல் படிக்கிறவன் நின்றான், பொறியியல் படிக்கிறவன் நின்றான். நிகழ்தகவுத் தேர்வில் வகுப்பிலேயே முதலாவதாக வந்த புள்ளியியல் மாணவி எல்லோருக்கும் முன்னால் நின்றாள். மன்றத்தின் ஆலோசகரான பேராசிரியர்கூட, "சும்மா ஒரு ஆராய்ச்சிக்காகத்தான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், தன் பதவி உயர்வைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தார். படித்தவர்கள் எதைச் செய்தாலும் அதற்குப் பெயர் ஆராய்ச்சி.

பெண்டுலம் அண்ணன் இதே மன்றத்தின் பழைய மாணவர். படிப்பை முடித்தாரா என்று யாரும் கேட்டதில்லை. மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டார்கள். சலவை கலையாத வெள்ளைச் சட்டை, விரல் நுனியில் ஒரு நூல், நூலின் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு. ஏதோ மலை உச்சியில் தியானத்தில் இருந்தபோது கிடைத்ததாம். பார்வைக்கு மேசை விளக்கை அணைக்க இழுக்கும் குமிழ் மாதிரித்தான் இருக்கும். மலை உச்சியில் யாராவது மேசை விளக்கு வைத்திருந்திருக்கலாம், நமக்கென்ன தெரியும்.

கையை நீட்டினால் உள்ளங்கைக்கு மேலே குண்டு தொங்கும். வட்டமாகச் சுற்றினால் அது பொறுப்பு தங்கும் கை. குறுக்கே ஆடினால் தங்காத கை. தங்காத கைக்கும் வழி உண்டு: அண்ணனிடமே செம்புக் காப்பு கிடைக்கும். விலை என்ன என்று கேட்டால் முகம் சுளிப்பார். அது விலை இல்லை, காணிக்கை. காணிக்கை குறைந்தால் மட்டும் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்.

இவர் மன்றத்துக்குள் நுழைந்த கதை வேறு. முன்பெல்லாம் நிர்வாகிகளை ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு தேர்தலில் தோற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஜெயித்தவர்கள் மூக்கைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் ராஜா யோசனை சொன்னான். ராஜா என்பது அவன் பெயரல்ல. எப்போதும் அரசன் வேஷம் கட்டுகிறவன்; கிரீடத்தைக் கழற்றிய பிறகும் அதே நடைதான் நடப்பான்.

"ஓட்டுன்னு போனா மனஸ்தாபம்தான் மிச்சம். அண்ணன் கையப் பாத்து சொல்லிட்டா, யாருக்கும் யார் மேலயும் கோவம் வராதுல்ல?"

எல்லோருக்கும் இது பிடித்துப்போனது. யோசிக்கிற வேலையை ஒரு நூலில் கட்டித் தொங்கவிடலாம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? அந்த வருஷம் பெண்டுலம் ராஜாவையே தலைவராகத் தேர்ந்தெடுத்தது. ஒத்திகை அறையை அண்ணனுக்கு வாரம் முழுக்க இலவசமாகத் திறந்துவிட்டவன் ராஜாதான் என்பது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும்.

தலைவர் என்ன செய்ய வேண்டும் என்று மன்றத்தின் விதிமுறையில் தெளிவாக இருக்கிறது. அரங்கத்துக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும், கூட்டம் கூட்ட வேண்டும், தீயணைப்புக் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ராஜா எதையும் செய்யவில்லை. "அரங்கம் தானா அமையும்னு பெண்டுலம் சொல்லிருச்சு" என்றான். தானாக அமைந்தது நூலகத்துக்குப் போகும் நடைபாதை. போர்க்களக் காட்சியில் அவன் வாளை ஓங்கி நின்றபோது, துடைப்ப வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அம்மா, "கொஞ்சம் ஓரமா சண்டை போடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மற்ற வேலைகளை எல்லாம் இழுத்துப் போட்டுச் செய்தவள் ஒருத்திதான். அறையைத் திறப்பது, பூட்டுவது, உடைகளைத் துவைத்துப் பெட்டியில் வைப்பது, அலுவலகத்துக்கு நடையாய் நடப்பது. சாவிக்கொத்து எப்போதும் இடுப்பில் தொங்குவதால் அவளுக்குப் பெயரே சாவி. இது அவளுக்குக் கடைசி வருஷம். ஒரு முறையாவது தலைவராக இருந்து, ஒழுங்காக ஓர் அரங்கம் பிடித்து, ஒரு நாடகத்தை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் கூட்டத்துக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று அவள் மனம் கிடந்து தவித்தது. அவளும் கையை நீட்டினாள்.

குண்டு குறுக்கே ஆடியது.

"உனக்குப் பொறுப்பு தங்காதும்மா" என்றார் அண்ணன், கனிவாக. "கையில ஓட்டை இருக்கு. கண்ணுக்குத் தெரியாது."

அன்று சாயங்காலம் விடுதி அறையில் சாவி சட்டைக் கையை இறக்கி இறக்கி விட்டுக்கொண்டிருந்தாள். அறைத்தோழி கவனித்துவிட்டாள். அவள் மன்றத்தின் பிராம்ப்டர். நடிகர்கள் மறந்த வசனத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்கிறவள். அந்தப் பழக்கத்தில் உப்பு கேட்பதைக்கூடக் கிசுகிசுவென்றுதான் கேட்பாள்.

"என்னடி கையில?"

"ஒண்ணுமில்ல. காப்பு."

"அடிப்பாவி, நீயுமா?"

சாவிக்குப் பொலபொலவென்று அழுகை வந்துவிட்டது. "எல்லாத்தையும் நான்தானேடி பாத்துக்கறேன்? அப்புறம் ஏன் குறுக்க ஆடணும்? என்கிட்டதான் ஏதோ கோளாறு இருக்குமோன்னு தோணிருச்சு."

"கோளாறு இருக்கத்தான் செய்யுது. 'ஒத்திகை இருக்கு, அறையக் காலி பண்ணுங்கண்ணா'ன்னு அந்த ஆள்கிட்ட தினம் போய் நின்னேல்ல, அதான் கோளாறு. அது குண்டுக்குத் தெரியாது. குண்டப் புடிச்சிருக்கற கைக்குத் தெரியும்."

சாவி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அந்தக் கைக்குத் தெரியாமப் பண்ணிட்டா?"

விதிமுறைப் புத்தகத்தை மன்றத்தில் படித்தவள் அவள் மட்டும்தான். தேர்தல் பகுதியில் யாரும் கண்டுகொள்ளாத இரண்டு விதிகள் இருந்தன. எந்தச் சீட்டு யாருடையது என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. எந்த உறுப்பினரும் மறு எண்ணிக்கை கேட்கலாம்.

பொதுக்கூட்டத்தன்று அறை நிரம்பி வழிந்தது. நடுவில் அண்ணன், பக்கத்தில் ராஜா, ஓரத்தில் ஆராய்ச்சிப் பேராசிரியர். பெண்டுலம் தேர்ந்தெடுத்த புது நிர்வாகிகளின் பட்டியலை வாசிக்க ராஜா தொண்டையைச் செருமினான். சாவி எழுந்தாள்.

"எனக்கு மறு எண்ணிக்கை வேணும்."

"ஓட்டே போடலையே, எத எண்ணறது?" என்றான் ராஜா.

"பெண்டுலத்த. ஓட்டுக்குப் பதிலாத்தானே அத வச்சிருக்கீங்க? அப்போ ஓட்டுக்கு உள்ள விதி அதுக்கும் உண்டு."

ராஜா பேராசிரியரைப் பார்த்தான். பேராசிரியர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "விதி அப்படித்தான் இருக்கு" என்றார், தானே எழுதியது போல.

அண்ணன் சிரித்தார். "தாராளமா ஆட்டிப் பாக்கலாம்மா. உண்மை மாறவா போகுது?"

"யாரோட கைன்னு தெரியக் கூடாதுன்னும் விதி இருக்குண்ணா. திரைக்குப் பின்னால நின்னு கைய மட்டும் நீட்டறோம். கையுறை போட்டுக்கறோம்."

"கையுறை போட்டா..." என்று அண்ணன் இழுத்தார்.

"நேத்து ஒருத்தருக்கு ஃபோன்லயே பாத்து சொன்னீங்களேண்ணா" என்று பிராம்ப்டர் கிசுகிசுத்தாள். பயிற்சி பெற்ற கிசுகிசுப்பு. கடைசி வரிசை வரை கேட்டது. "ஃபோனுக்குக் கையுறை தேவலையே."

கூட்டம் தலையாட்டியது. அண்ணனும் ஆட்ட வேண்டியதாயிற்று.

பதவிக்கு நின்ற ஐந்து பேரும் திரைக்குப் பின்னால் போனார்கள். பிராம்ப்டர் நாலு பேரைத் தரையில் உட்கார வைத்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். உடைப்பெட்டியிலிருந்து மருத்துவர் வேஷத்து ரப்பர் கையுறையை எடுத்துச் சாவியிடம் கொடுத்தாள். சாவி அதை மாட்டி, திரையின் பிளவு வழியே கையை நீட்டினாள்.

"வட்டம்" என்றது அண்ணன் குரல். "கறாரான கை. கணக்குவழக்குக்குப் பொருத்தம்."

அடுத்தது பிச்சைக்காரன் வேஷத்துக் கிழிந்த கம்பளிக் கையுறை. அதே கைதான் உள்ளே. "குறுக்க ஆடுது. தரித்திரம். இதுக்கு ஒரு காப்பு பத்தாது, ரெண்டு போடணும்." மூன்றாவது மணப்பெண்ணின் பூவேலைக் கையுறை. "இளகின மனசு. ஒரு வேலையும் ஓடாது." நாலாவது திருடன் வேஷத்துக் கறுப்புக் கையுறை. அண்ணன் குரல் தாழ்ந்தது. "இது ஆபத்தான கை. தயவுசெஞ்சு இந்தக் கைகிட்ட சாவியக் குடுத்துராதீங்க."

உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் முழங்காலுக்கு நடுவில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஏற்கெனவே இரண்டு காப்பு வாங்கி மாட்டியிருந்தவன் மட்டும் சிரிக்காமல் தன் மணிக்கட்டையே பார்த்தான்.

கடைசியாக அரசனின் ஜரிகைக் கையுறை. "ஆகா" என்றார் அண்ணன். "எவ்வளவு பெரிய வட்டம் பாருங்க. தலைமை ஏற்கப் பிறந்த கை இது. இந்தக் கைதான் மன்றத்தத் தூக்கி நிறுத்தப் போகுது."

உள்ளே சாவிக்கு ஒரு நொடி ஜில்லென்று இருந்தது. எல்லாம் தெரிந்தும் இருந்தது. அடுத்த நொடியே வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்படித்தான் விழுகிறோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பிராம்ப்டர் திரையை இழுத்தாள். ஜரிகைக் கையுறையோடு சாவி நின்றாள். காலடியில் நாலு கையுறைகள் கிடந்தன. பின்னால் நாலு பேர் வெறுங்கையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அஞ்சும் என் வலது கைதாண்ணா" என்றாள் சாவி.

அண்ணன் குண்டைப் பார்த்தார். அதுதான் ஏதோ காட்டிக்கொடுத்துவிட்டது போல. "ஒரே கையில அஞ்சு விதமான ஆற்றல்" என்றார் கடைசியில். "ரொம்ப அபூர்வம்."

முதலில் சிரித்தவர் பேராசிரியர். பிறகு அறையே குலுங்கியது. அந்தச் சிரிப்புக்கு நடுவிலும் ஒருவன் கை தூக்கி, மிகுந்த அக்கறையோடு கேட்டான்: "அது சரி, அஞ்சுல எது சரியான பலன்?"

"அஞ்சும் சரிதான்" என்றாள் சாவி. "கையுறைக்கு."

அவள் காப்பைக் கழற்றி அண்ணன் முன்னால் வைத்தாள். அவளும் ஏமாந்தவள்தான் என்பதை எல்லோரும் பார்க்கட்டும் என்றே வைத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. ஒளித்து வைத்திருந்த சட்டைக் கைகள் ஒவ்வொன்றாக மேலேறின. காப்புகள் மேசையில் குவிந்தன. பேராசிரியருடையதும் அதில் இருந்தது. பெண்டுலம் களைத்துவிட்டது, அதற்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லி அண்ணன் எழுந்தார். காணிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கச் சொல்லி, அறைக்கதவை ராஜாவே சாத்தினான். அவன் தலைமையில் நடந்த முதல் நிர்வாக வேலை அது.

பிறகு ஓட்டு. பழைய வசனத் தாள்களைக் கிழித்துச் சீட்டாக்கினார்கள். சீட்டு கைக்கு வந்ததும் கூட்டம் திருதிருவென்று விழித்தது. புள்ளியியல் மாணவி சீட்டோடு நேரே சாவியிடம் வந்தாள்.

"அக்கா, இவ்வளவு தெளிவா இருக்கீங்க. நீங்களே சொல்லிருங்க, நான் யாருக்குப் போடட்டும்?"

எனக்குத்தான் போடு என்ற வார்த்தை சாவியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் எவ்வளவு ஆசைப்பட்ட பதவி. அந்தப் பெண் வேறு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சொன்னதை எழுதக் காத்திருந்தாள். சாவி வார்த்தையை விழுங்கிக்கொண்டாள்.

"நீ யோசிச்சு எனக்குப் போட்டா நான் தலைவர். நான் சொல்லி எனக்குப் போட்டா, நானும் ஒரு பெண்டுலம்தான். போ, போய் யோசி."