கரிக்கேஸ் அண்ணனும் ஒரு கூடை முந்திரி ஓடும்

பெட்ரோல் ஒருநாள் தீர்ந்துபோகும் என்று உலகத்திலேயே முதன்முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் புதுக்கோட்டை–கந்தர்வக்கோட்டை பஸ் டிரைவர்தான். அவருடைய நிஜப்பெயர் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. வருகைப் பதிவேட்டில்கூடக் ‘கரிக்கேஸ்’ என்றுதான் இருக்கும். எழுதியவன் நான், அங்கே நான்தான் கிளார்க்.

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் ஆளுயரத் தகர அடுப்பை மாட்டி, கரியை எரித்து, அதில் வரும் கேஸில் இன்ஜினை ஓட்டினார்கள். சுதந்திரம் வந்து, பெட்ரோலும் வந்து, எல்லா பஸ்ஸும் அடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டன. அண்ணன் மட்டும் தன் வண்டியில் யாரையும் கைவைக்க விடவில்லை.

“மொதலாளி, பங்குனி வந்தா நம்ம கம்மாயே வத்திப்போகுது. மழை பேஞ்சா கம்மா நெறையும். பெட்ரோலு எந்த மழையில நெறையும்?” என்பார்.

முதலாளி என்னைப் பார்ப்பார். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் அல்லவா?

“அண்ணே, பூமிக்கடியில அது சமுத்திரம் மாதிரி கெடக்கு. உங்க பேரன் காலத்துலயும் தீராது” என்பேன், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி.

ஜனங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். கரி பற்ற அரைமணி ஆகும் என்பதால், பஸ் கிளம்பவேண்டிய நேரத்துக்குத்தான் வீட்டில் குளிக்கவே போவார்கள். மேடு வந்தால் யாரும் சொல்லாமலே இறங்கித் தள்ளுவார்கள். அடுப்புச் சாம்பலில் சீனிக்கிழங்கைப் புதைத்து, இறங்கும்போது சுடச்சுட எடுத்துப்போன அம்மாக்களும் உண்டு.

கடைசியில் முதலாளி ஒரு முடிவுக்கு வந்தார். ஒரே ஒருநாள் சரியான நேரத்துக்குக் கந்தர்வக்கோட்டை போய்ச் சேர்ந்தால் அடுப்பு இருக்கட்டும். இல்லாவிட்டால் கழற்றிவிட வேண்டியது. பார்த்துவந்து சொல்ல என்னை அனுப்பினார்.

அன்றைக்கு வண்டி பறந்தது. அதாவது, இரண்டு சைக்கிள்களை முந்தியது. ஆதனக்கோட்டை வரை நேரம் தப்பவில்லை. அங்கே அண்ணன் வாளியோடு தண்ணீர் பிடிக்கப் போனார். நான் அடுப்பைத் திறந்து பார்த்தேன். கரி தீர்ந்து, அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. அத்தனை நாள் அவரைக் கேலி செய்த எனக்கு, அன்றைக்கு அவர் ஜெயித்துவிட வேண்டும் போலிருந்தது.

எதிரே முந்திரி உடைக்கும் கொட்டகை. வாசலில் ஓடு குவிந்து கிடந்தது. முந்திரி ஓட்டில் எண்ணெய் உண்டு. எண்ணெய் என்றால் எரியும். எரிந்தால் வண்டி ஓடும். எஸ்.எஸ்.எல்.சி. மூளை! ஒரு கூடை ஓட்டை வெறுங்கையால் அள்ளி அடுப்பில் போட்டேன். அதே கையால் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டேன். உடைக்கிற பெண்கள் எதற்காகக் கையெல்லாம் சாம்பல் பூசியிருக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை.

“அய்யய்யோ! அதுல ஓட்டப் போட்டது யாருங்க?” என்று அண்ணன் ஓடிவந்தார். கூடையும் கையுமாக நின்ற என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். அதற்குள் கண்ணைக் கரிக்கும் புகை கிளம்பி, பயணிகள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு, பிசின் பிடித்துப் படுத்துவிட்டது. கந்தர்வக்கோட்டைக்கு எல்லோரும் மாட்டுவண்டியில் போனோம்.

மறுநாள், ஓட்டெண்ணெய் பட்டு வெந்த என் முகம் குழிப்பணியாரமாக உப்பிக் கிடந்தது. முதலாளி எங்கள் இருவரையும் முன்னால் நிறுத்தினார்.

“முந்திரி ஓட்டப் போட்டது யாருப்பா?”

நான் அண்ணனைப் பார்த்தேன்.

“நாந்தாங்க மொதலாளி. கரி தீந்துபோச்சு” என்றார் அண்ணன்.

“சரி, இவன் மூஞ்சிக்கு என்ன?”

“பாவம், தம்பி அணைக்க வந்துச்சுங்க.”

முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அடுப்பை அன்றைக்கே கழற்றினார்கள்.

வெளியே வந்ததும் அண்ணன் தேங்காயெண்ணெய் தொட்டு என் கன்னத்தில் தடவினார்.

“காந்துதா தம்பி? ஊரெல்லாம் பெட்ரோலு தீரும், தீரும்னேன். என் கரி தீருமான்னு பாக்காம விட்டுட்டேன், பாருங்க” என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது. புகை என்று நினைத்துக்கொள்ளவும் வழியில்லை; அடுப்புதான் போய்விட்டதே.

அப்போதாவது திரும்ப உள்ளே போய் ‘நான்தான்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதையும் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.